அப்பா நடுரோட்டுல இறங்கிட்டார்

மக்கள்ஸ், பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. டேமேஜர் ஒவ்வொரு ஆணியா எடுத்துக் குடுத்து, இதையும் புடுங்கு, அப்படியே அதையும் புடுங்குன்னு தலைமாட்டுல நிக்கிறார். கடைப்பக்கம் வரவே முடியல. ஆனா போன மாசம் நடந்த ஒரு மேட்டர் உள்ளுக்குள்ள உறுத்திக்கிட்டே இருக்கு. எழுதி இறக்கி வச்சாத்தான் தூக்கம் வரும் போல. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

அத்தை மகனுக்குத் தாம்பரத்துல கல்யாணம். அதுக்காகக் கம்பத்துல இருந்து அப்பா வந்திருந்தார். சாயங்காலம் ரிசப்ஷன் முடிஞ்சதும் பைக்ல உக்கார வச்சு என் ரூமுக்குக் கூட்டிட்டு வந்தேன். ரூம் ஓ.எம்.ஆர் பக்கம், துரைப்பாக்கம் தாண்டி ஒரு சந்துல. இங்க ஒரு சிக்கல். சந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கு. சட்டப்படி வரணும்னா சந்தைத் தாண்டி நேராப் போயி, யூ டர்ன் அடிச்சு, திரும்பி வரணும். ரெண்டேகால் கிலோமீட்டர். சட்டத்தை மறந்துட்டா, முன்னாடியே வலதுபக்கம் வெட்டி, ரோட்டு ஓரமா எதிர்த்திசையில ஊர்ந்து போனா 350 மீட்டர். மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வச்சதுல இருந்து அந்த ஓரம் ஒரு தனிப் பாதையாவே ஆயிடுச்சு. சாப்பாடு டெலிவரி பண்ற பசங்க, பள்ளிக்கூட ஆட்டோ, சில நேரம் தண்ணி லாரி வரைக்கும் அதுலதான் வரும். நானும் ரெண்டு வருஷமா அதுலதான்.

அன்னைக்கும் வழக்கம்போல வெட்டினேன். அம்பது மீட்டர் கூட போயிருக்க மாட்டேன், தோள்ல தட்டினார்.

"தம்பி, நிப்பாட்டு."

போன் வந்திருக்கும்னு நினைச்சு நிப்பாட்டினேன். இறங்கினார். தாம்பூலப் பையைக் கையில எடுத்துக்கிட்டார்.

"நீ போ. நான் நடந்து வாரேன்."

"என்னப்பா, இந்தா தெரியுதுல்ல, அந்த மெடிக்கல் கடைக்கு அடுத்த சந்துதான். இங்க எல்லாரும் இப்படித்தான் போவாங்க."

"எல்லாரும் போகட்டும்ப்பா. நான் நடந்து வாரேன்."

அவ்வளவுதான். சத்தம் போடல, திட்டல. பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நடக்க ஆரம்பிச்சுட்டார். நடைபாதைன்னு ஒண்ணு அங்க கிடையாது. சாக்கடை மேல போட்ட சிமெண்ட் பலகைதான். அதுலயும் ரெண்டு பலகைக்கு ஒண்ணு உடைஞ்சிருக்கும். 63 வயசு மனுஷன் அதுல நடக்க, நான் இஞ்சினை அணைச்சுட்டு வண்டியைத் தள்ளிக்கிட்டே பக்கத்துல போக, எதிர்ல வர்ற பஸ்ஸுக்காரன் ஹாரனாலயே எங்க குடும்பத்தை விசாரிக்க... செம காட்சி. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கூட ஒரு டெலிவரி தம்பி புகுந்து போனான்.

எனக்குக் கோபம்னா கோபம். ரூமுக்கு வந்து தயிர்சாதத்தைப் பிரிச்சு வச்சதும் வெடிச்சுட்டேன்.

"ராங் சைடுல போனதுக்கு இவ்வளவு பண்றீங்களே, நீங்க ஜீப்புல எத்தனை பேரை ஏத்திட்டுப் போவீங்க?"

தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். அப்பா 28 வருஷம் தோட்டத்து ஜீப் ஓட்டினவர். எங்க பள்ளத்தாக்குல இருந்து மலையேறி கேரளாவுக்குள்ள போறதுக்கு முக்கியமா மூணு வழி. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. மேல இடுக்கி மாவட்டத்துல வண்டன்மேடு, அணக்கரை, நெடுங்கண்டம்னு எங்க பார்த்தாலும் ஏலத்தோட்டம். அங்க காய் எடுக்க, களை வெட்ட, கவாத்துப் பண்ண இங்க இருந்து தினமும் ஆள் போகும், பெரும்பாலும் பொம்பளைங்க. விடியறதுக்கு முன்னாடியே கையில தூக்குவாளியும் தலையில துண்டுமா நிப்பாங்க. ஜீப் வரும். முன்னாடி நாலு, நடுவுல அஞ்சு, பின்னாடி எட்டு, தொத்திக்கிட்டு ரெண்டு. ஆக 19 பேர், டிரைவர் தனி. ஆர்.சி. புக்குல எழுதியிருக்கிறதை விட ஒரு பத்து பேர் ஜாஸ்தி. இப்ப இருக்கிற சட்டப்படி கூடுதல் ஆளுக்கு 200 ரூபாய் அபராதம், அதாவது ஒரு நடைக்கு 2000. இதைத்தான் அப்பாகிட்ட கணக்குப் போட்டுக் காமிச்சேன். படிச்ச பய பாருங்க, அப்பாவை மடக்கிட்டானாம்.

அப்பா பதில் சொல்லல. கையைக் கழுவிட்டு வந்து பாயை விரிச்சார். அப்புறம் லைட்டை அணைச்சதுக்கு அப்புறம்தான் பேச்சு ஆரம்பிச்சுச்சு. அதுக்குள்ள போறதுக்கு முன்னாடி மலை ரோடு பத்திக் கொஞ்சம் சொல்லணும்.

எனக்கு வண்டி ஓட்டக் கத்துக் கொடுத்தது அப்பாதான். காலேஜ் லீவுல, அந்தக் கம்பம்மெட்டு ரோட்டுலயே. முதல் நாள் ஸ்டீரிங் தொடுறதுக்கு முன்னாடி சொன்ன முதல் பாடம்: ஏறுற வண்டிக்கு இறங்குற வண்டி வழி விடணும். ஏன்? பாரத்தோட ஏறிக்கிட்டு இருக்கிற வண்டியை நடுவுல நிப்பாட்டிட்டா, மறுபடி எடுக்கிறப்ப பின்னாடி உருளும். கிளட்ச், ஆக்சிலேட்டர், ஹேண்ட் பிரேக் மூணையும் ஒரே மூச்சுல சமாளிக்கணும். பின்னாடி பள்ளம் வேற. இறங்குற வண்டிக்கு அந்த வம்பு இல்ல, பிரேக்கை விட்டாத் தானா நகரும். அதனால அவன்தான் ஒதுங்கி நிக்கணும்.

அடுத்த பாடம், எந்தக் கியர்ல ஏறுவியோ அதே கியர்ல இறங்கு. டீசல் மிச்சம் பிடிக்கிறேன்னு நியூட்ரல்ல விட்டு இறங்குற ஆளுங்க உண்டு. நான் நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்சுட்டுப் பொட்டி தட்டுறவன். படிச்சதுல உருப்படியா ஞாபகம் இருக்கிற ஒண்ணு ரெண்டுல இதுவும் ஒண்ணு. பிரேக்கோட வேலை வேகத்தைச் சூடா மாத்துறது. வளைவுக்கு வளைவு மிதிச்சுக்கிட்டே வந்தா சூடு ஆற நேரமே கிடைக்காது. சூடு ஏற ஏறப் பிடிமானம் குறையும். கடைசி வளைவுல நீங்க மிதிப்பீங்க, அது பிடிக்காது. கியர்ல வந்தா இஞ்சினே வண்டியைப் பிடிச்சு நிறுத்தி வைக்கும். பரீட்சையில நான் ரெண்டு பக்கம் எழுதினதை அப்பா ஒரு வரியில சொல்லிட்டார்.

இந்த ஏறுற வண்டி சமாச்சாரம் சட்டத்துலயே இருக்குன்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது. 1989ல போட்ட சாலை விதிமுறைகள்ல இருந்துச்சு. அதுக்குப் பதிலா 2017ல வந்த புது விதிமுறைகள்லயும் இருக்கு. அப்பாகிட்ட சொன்னப்ப, "இதை எழுதி வேற வச்சிருக்காய்ங்களா?"ன்னு சிரிச்சார். 28 வருஷமா அவர் கடைப்பிடிச்சது சட்டம்னு அவருக்கே தெரியாது!

அந்த வளைவுகள்ல சிக்னல் கிடையாது, கேமரா கிடையாது, போலீஸ்காரரும் கிடையாது. இருந்தாலும் ஜீப்பு, லாரி, பஸ்ஸு எல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒதுங்கி நின்னு, கையைக் காட்டி அனுப்பி வைக்கும். ராத்திரியில வளைவு வந்தா லைட்டைத் தணிச்சுக் காட்டுவாய்ங்க. சபரிமலை சீசன்ல கூட்டம் கூடுறப்ப, கம்பம்மெட்டு வழியா ஏறு, குமுளி வழியா இறங்குன்னு ஒருவழிப்பாதை ஆக்குவாங்க. எங்கெங்க இருந்தோ வர்ற டிரைவர்கள் அதையும் கேட்டு நடப்பாங்க. அதே மனுஷங்க ஊருக்குள்ள வந்தா ஏன் இப்படி ஆகிறோம்? இதுதான் அன்னைக்கு ராத்திரி எங்க விவாதம்.

என் கட்சி சிம்பிள். பள்ளம். அங்க விதியை மீறினா உடனே மரண தண்டனை, அதான் ஒழுங்கா இருக்கோம்னேன். அப்பா ஒத்துக்கல.

"பயம் மட்டும் போதும்னா பள்ளத்துல எவனும் விழ மாட்டானே."

2022 டிசம்பர் 23 ராத்திரி நடந்ததை ஞாபகப்படுத்தினார். சபரிமலை போயிட்டுத் திரும்பின ஆண்டிபட்டிப் பக்கத்து பக்தர்கள் கார் குமுளி மலைப்பாதையில கவிழ்ந்துச்சு. லோயர் கேம்ப் மின்நிலையத்துக்குத் தண்ணி போற அந்த ராட்சதக் குழாய் இருக்கே, அது பக்கம். 8 பேர் போயிட்டாங்க. யார் தப்புன்னு தீர்ப்புச் சொல்ல நான் வரல, அந்த அருகதையும் எனக்கு இல்ல. கிட்டத்தட்ட வீட்டுக்குப் பக்கத்துல வந்துட்ட மனுஷங்க. இன்னைக்கும் அந்த இடத்தைத் தாண்டுறப்ப பஸ்ஸுல பேச்சு நின்னு போகும். பள்ளத்தைப் பத்தின பயம் யாருக்கும் குறைவா இருந்திருக்காது.

அடுத்து நான் எடுத்து விட்டது முகம் தியரி. ஹாலந்து நாட்டுல ஹான்ஸ் மாண்டர்மன்னு ஒரு போக்குவரத்துப் பொறியாளர் இருந்தார், 2008ல காலமானார். டிராக்டன்னு ஒரு ஊர்ல வண்டி நெருக்கமா வர்ற ஒரு சந்திப்புல சிக்னலை எல்லாம் பிடுங்கிப் போடச் செஞ்சவர். சிக்னல் இருந்தா மனுஷன் விளக்கைப் பார்ப்பான், இல்லைன்னா எதிர்ல வர்றவன் மூஞ்சியைப் பார்ப்பான், மூஞ்சியைப் பார்த்தா மரியாதை தானா வரும்ங்கிறது அவர் வாதம். பார்க்க வர்றவங்களுக்கு நிரூபிக்க, திரும்பிப் பார்க்காம பின்னாடியே நடந்து ரோட்டைக் கடந்து காட்டுவாராம். (நம்ம கோயம்பேட்டுல முயற்சி பண்ணிடாதீங்க சாமி.) எங்க மலை ரோட்டுலயும் அப்படித்தானே? எதிர்ல வர்ற ஜீப்புக்காரன் தெரிஞ்சவன். இப்ப வழி விடலைன்னா அரைமணி நேரத்துல கம்பம்மெட்டு டீக்கடையில, "என்ன மாமா, ரோட்டை விலைக்கு வாங்கிட்டியாக்கும்?"னு கேட்டுடுவான். ஓ.எம்.ஆர்ல என்னை யாருக்குத் தெரியும்? ஹெல்மெட்டுக்குள்ள எல்லாரும் ஒரே மூஞ்சி.

எனக்கே கைதட்டிக்கலாம் போல இருந்துச்சு. அப்பா ஒரே வார்த்தையில கவுத்துட்டார்.

"அப்ப ரயில்வே கேட்டு?"

மதுரை - போடி மீட்டர் கேஜ் லைனை 2010 கடைசியில நிறுத்தினாய்ங்க. அகலப்பாதை போட்டு 2022 மே 26ல தான் தேனிக்கு மறுபடி ரயில் வந்துச்சு, 2023 ஜூன்ல போடி வரைக்கும். பதினோரு வருஷத்துக்கு மேல ரயிலே பார்க்காத ஊரு. ஒரு தலைமுறைக்கு கேட்டுன்னா என்னன்னே தெரியாம போச்சு. ரயில் வந்த புதுசுல தேனியில கேட்டு மூடுறப்ப நடந்த கூத்தை நானே பார்த்திருக்கேன். நீங்களும் உங்க ஊர்ல பார்த்திருப்பீங்க. இந்தப் பக்கம் வர்றவங்க இடதுபக்கம் நின்னா மறுபக்கம் காலியா இருக்கும்ல? இருக்காது. முன்னாடி போய் நிக்கணும்னு ரோட்டோட முழு அகலத்தையும் அடைச்சுக்குவாங்க. கேட்டுக்கு அந்தப் பக்கமும் அதே மாதிரி முழு அகலம். போர்க்களத்துல ரெண்டு படை நிக்கிற மாதிரி முப்பது நாப்பதடி தூரத்துல மூஞ்சிக்கு மூஞ்சி. ரயில் போயிடும், கேட்டுத் திறந்துடும், ஒருத்தராலயும் நகர முடியாது. ரயிலுக்கு நின்னதை விட அதிக நேரம் நமக்கு நாமே நிப்போம். அங்க தெரிஞ்ச மூஞ்சிதான். எதிர்ல மச்சினன்கூட நிப்பான்.

நேரு சிலையும் அப்படித்தான். மதுரை ரோடு, பெரியகுளம் ரோடு, கம்பம் ரோடு மூணும் வந்து முட்டுற இடம். பஸ் ஸ்டாண்டைப் புதுசாக் கட்டி வெளியில கொண்டு போனாங்க, பைபாஸ் போட்டாங்க. ஆனாலும் அந்த முக்குல மட்டும் எவனும் எவனுக்கும் வழி விட மாட்டான். வளைவுல கையைக் காட்டி அனுப்பின அதே ஜீப்பு, அங்க ஆட்டோவை உரசிக்கிட்டு மூக்கை நுழைக்கும். "நானும் தேனிக்குள்ள வந்தா அப்படித்தாண்டா ஓட்டுவேன்"னு அப்பாவே சொன்னார். அதனால கிராமத்து மனுஷன் ஒழுக்கம், பட்டணத்து மனுஷன் மோசம்னு பதிவு எழுத ஆசைப்பட்ட எனக்கு அதுலயும் மண்ணு :)

பயமும் இல்ல, முகமும் இல்லைன்னா வேற என்னதான் காரணம்? அப்பா விஷயத்தைத் தொட்டது அப்புறம்தான்.

"நம்ம ஊர்ல வண்டி எல்லாம் இடதுபக்கமாப் போகுது. அப்ப சந்துல இருந்து வர்றவன், ரோட்டைக் கடக்கிறவன் எல்லாம் முதல்ல எந்தப் பக்கம் பாப்பான்? வலதுபக்கம். நீ எங்கிட்டு இருந்து வர்ற? இடதுபக்கம். அவன் ஒழுங்கா நடந்துக்கிறதை நம்பித்தான் நீ தப்புப் பண்ற. உனக்கு ஒண்ணும் ஆகாது. அவனுக்குத்தான் ஆகும்."

இதைக் கேட்டதும் நான் பேசல. காரணம் இருக்கு. அப்பாகிட்ட சொல்லாத ஒண்ணு. இங்கதான் முதல்ல சொல்றேன்.

ஆறு மாசத்துக்கு முன்னாடி, அதே 350 மீட்டர்ல, பக்கத்து ஹாஸ்டல்ல பாத்திரம் தேய்க்கிற ஒரு அக்கா சந்துல இருந்து வெளிய வந்தாங்க. வலதுபக்கம் பார்த்தாங்க. வண்டி வரலைன்னு உறுதி பண்ணிட்டு ஒரு அடி எடுத்து வச்சாங்க. என் ஹேண்டில் அவங்க தோள்பையில மாட்டிச்சு. விழுந்துட்டாங்க. நான் வேகமா வரல, இருபதுதான் இருக்கும். முழங்கை நல்லா சிராய்ச்சு ரத்தம். டிபன் பாக்ஸ் திறந்து சாம்பார் சாதம் ரோட்டுல கொட்டிடுச்சு. நான் பதறிப் போய் இறங்குறதுக்குள்ள அவங்களே எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கிட்டு, "பரவால்ல தம்பி, நான்தான் பாக்காம வந்துட்டேன்"னாங்க.

அவங்க பார்த்துட்டுத்தான் வந்தாங்க. எனக்குத் தெரியும். ஆனா நான் என்ன பண்ணேன் தெரியுமா? "பார்த்து வாங்கக்கா"ன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டேன். மருந்துக்குன்னு ஒரு நூறு ரூபாய் நீட்டினேன், வாங்கல. மறுநாளும் அதே 350 மீட்டர்ல தான் போனேன்.

அப்ப இருந்து நான் யோசிச்சதுல என் கருத்து இதுதான். மலை ரோட்டுல நான் வழி விடலைன்னா என் வண்டியும் சேர்ந்துதான் மாட்டும், நானும்தான் ஓரத்துல ரிவர்ஸ் எடுக்கணும். மீறினவனே விலை கொடுக்கணும். கேட்டுல அந்த விலை ஆளுக்கு அஞ்சு நிமிஷமாச் சிதறிடுது, அதனால யாருக்கும் உறைக்கல. ராங் சைடுல? விலை மொத்தமும் நடந்து போறவங்க தலையில. மத்திய அரசோட கணக்குப்படி 2022ல நாட்டுல ரோடு விபத்துல செத்தவங்க 1,68,491 பேர். அதுல 32,825 பேர் நடந்து போனவங்க. கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தர். அதே வருஷம் விபத்து எண்ணிக்கையில நாட்டுலயே முதலிடம் நம்ம தமிழ்நாட்டுக்கு, 64,105 விபத்து, 17,884 சாவு. பிளஸ் டூ ரிசல்ட்ல முதலிடம் வந்தா பக்கத்துக்குப் பக்கம் போடுவாங்க. இதை யாரும் போஸ்டர் ஒட்டல.

அபராதத்தை ஏத்தினா சரியாகும்னு சிலர் சொல்றாங்க. 2019 சட்டத் திருத்தத்தை ஒட்டி நம்ம மாநிலத்துல 2022 அக்டோபர்ல ஏத்தினாங்க. ஹெல்மெட் இல்லைன்னா 1000, குடிச்சுட்டு ஓட்டினா 10,000, ஆம்புலன்சுக்கு வழி விடலைன்னாலும் 10,000. வேண்டாம்னு சொல்லல. ஹெல்மெட் விஷயத்துல எனக்கு உறைச்சுது. ஆனா அந்த முழங்கைக்கும் இந்த ரசீதுக்கும் என்ன சம்பந்தம்? நான் யாருக்குக் கடன்பட்டேனோ அவங்களுக்கு அது போய்ச் சேரல. கொலம்பியாவுல போகோட்டா நகரத்துல 1990கள்ல ஆன்டனாஸ் மோக்கஸ்னு ஒரு மேயர், ரோட்டுல ஊமை நாடகக் கலைஞர்களை இறக்கி விட்டார். மூஞ்சியில வெள்ளை பூசிக்கிட்டு நம்ம வள்ளி திருமணம் பபூன் மாதிரி நின்னு, நடக்கிறவங்களை மதிக்காத டிரைவரைப் பார்த்து வாயைத் திறக்காமலே கிண்டல் பண்ணுவாங்களாம். ஆயிரம் ரூபாயை விட அதுக்குத்தான் எனக்கு முதுகு கூசும்.

அப்பா கதைக்கு வரேன். 19 பேரை ஏத்தினது தப்புதான்னு அவரே சொன்னார். 1990கள் கடைசியில ஒரு மழைக்காலத்துல, ஒரு வளைவுல பிரேக் பிடிக்காம வண்டியை மலைப்பக்கமா மண்ணுல ஏத்தி நிப்பாட்டியிருக்கார். பள்ளத்துப் பக்கம் போகல, அதுவரைக்கும் புண்ணியம். ஆனா பின்னாடி தொத்திக்கிட்டு வந்த ஒரு பொம்பளை பாறையில அடிபட்டு கை முறிஞ்சுடுச்சு. மூணு மாசம் வேலை இல்ல. அப்பா அவராக் கொஞ்சம் பணம் கொடுத்தார். தோட்டத்துக்காரங்க பக்கம் இருந்து ஒண்ணும் வரல. "நான் சொகுசா சீட்டுல உக்காந்திருந்தேன். தொங்கிக்கிட்டு வந்தவளுக்குத்தான் போச்சு"ன்னார். அதுக்கப்புறம் யாரையும் தொங்க விடலையாம். ஆனா 17 பேரை ஏத்துறதை நிறுத்தல.

"ஏத்தலைன்னா அவங்களுக்கு அன்னைக்குக் கூலி போச்சு. நீ எதுக்கு அந்த வழியில போற? எட்டு நிமிஷத்துக்கு."

இங்கதான் எனக்கும் அப்பாவுக்கும் இன்னும் ஒத்துப்போகல. வயித்துப்பாட்டுக்கு மீறுறது வேற, சோம்பேறித்தனத்துக்கு மீறுறது வேறங்கிறார். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா என் பக்கத்துல ராங் சைடுல வர்ற டெலிவரி தம்பியும் அதே வயித்துப்பாட்டைத்தான் சொல்லுவான். முறிஞ்ச கைக்கு இது தேவைக்காக மீறினதா, திமிருக்காக மீறினதான்னு வித்தியாசம் தெரியுமா? என்னைக் கேட்டா, ஜீப்புக்காரனுக்கு ஆளுக்கு 200 ரூபாய்னு அபராதம் போடுறதோட நிறுத்தக்கூடாது. விடிகாலையில 19 பேரு வேலைக்கு வேணும்னு கேக்கிறவங்க யாரு? ரெண்டு ஜீப்புக்கான வாடகையை மிச்சம் பிடிக்கிறவங்க யாரு? அங்க போய்க் கேக்கணும். விடிகாலை நாலரை மணிக்குக் கம்பத்துல இருந்து மலைக்கு ஆள் ஏத்த ரெண்டு பஸ் கூடுதலா விட்டா அதுவும் போக்குவரத்து விதிதான். அதே மாதிரி ஓ.எம்.ஆர்ல உடையாத நடைபாதையும், கிட்டத்துல ஒரு யூ டர்னும் கூட விதிதான். ரெண்டேகால் கிலோமீட்டர் தள்ளி யூ டர்னை வச்சுட்டு மனுஷன் திருந்தலையேன்னு அலுத்துக்கிறதுல நியாயம் இல்ல. இதைச் சொல்றதால நான் பண்ணது சரின்னு ஆயிடாது, தெரியும்.

பழக்கதோஷத்துல என் எட்டு நிமிஷத்துக்குக் கணக்குப் போட்டேன். வருஷத்துல 240 நாள் ஆபீஸ் போறேன்னு வச்சுக்கிட்டா 32 மணி நேரம். கூடுதலா 456 கிலோமீட்டர், என் வண்டிக்குப் பத்து லிட்டர் பெட்ரோல், சுமார் 1000 ரூபாய். இவ்வளவுதான். இதுக்காகத்தான் ரெண்டு வருஷமா ஊர்ல இருக்கிறவங்க முழங்கையை எல்லாம் பணயம் வச்சு ஓட்டிட்டு இருந்திருக்கேன்.

மறுநாள் அப்பாவைப் பஸ் ஏத்திவிடக் கிளம்பினப்ப ஒழுங்கா யூ டர்ன் அடிச்சேன். அவர் ஒண்ணும் சொல்லல. கிளாம்பாக்கம் வரைக்கும் தேங்காய் விலை, முல்லைப் பெரியாறு தண்ணி, எங்க தெருவுல யார் வீட்டுல விசேஷம்னு பேசிக்கிட்டே வந்தார்.

அந்த அக்காவைத் தேடி ஹாஸ்டல்ல விசாரிச்சேன். வேலையை விட்டு நின்னுட்டாங்களாம், இப்ப எங்க இருக்காங்கன்னு யாருக்கும் தெரியல.

போன ஞாயித்துக்கிழமை அப்பா போன் பண்ணினார். கல்யாண மொய் நோட்டுல ஒரு சந்தேகம். அதைப் பேசி முடிச்சுட்டு வைக்கிறப்ப கேட்டார்.

"எப்பிடிப் போயிட்டு இருக்க இப்ப?"

"யூ டர்ன் அடிச்சுத்தான்பா."

"தெனமுமா?"

"..."

"சொல்லுப்பா."

"போன வாரம் நாலு நாள் சுத்திப் போனேன். ஒரு நாள் மழை, அன்னைக்கு மட்டும் அப்படியே வந்துட்டேன்."

"மழையில அவங்களும் குனிஞ்சுக்கிட்டுத்தான நடந்து வருவாங்க"ன்னுட்டு போனை வச்சுட்டார்.